இருமலுக்கு ஓர் இடம்

இத்தாலியின் பலெர்மோவில் பகல் காட்சி பாலே நடனம். இடைவேளை விடுகிறார்கள். பக்கத்து இருக்கையில் இருக்கும் மன்னார்க்காரி ஜெசிந்தா கைப்பையோடு எழுகிறார். அவர் வேலை செய்யும் வீட்டு எசமானி சிஞ்ஞோராவுக்கு உடம்பு முடியவில்லையாம், டிக்கெட்டை இவரிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறார்.

"இருமல் வருது அக்கா, சனம் ஏசும். நான் போறன். முடிவைச் சொல்லெண்டு சிஞ்ஞோரா கேட்டா என்னத்தைக் கதைக்கிறது?"

"உட்காருங்க. இதே பாலேயோட பழைய வீடியோ கேசட் என்கிட்ட இருக்கு. அதுல நாயகி விழுறப்போ கூட்டத்துல யாரோ இருமுவாங்க. இருபது வருஷமா அப்படித்தான் பார்க்கிறேன். அங்க இருமிக்குங்க."

"ஓம். அந்த இடம் வந்தா கிள்ளுங்கோ."

இடைவேளை முடிகிறது. ஜெசிந்தா ஒரு மிட்டாயை அதக்கிக்கொண்டு இருமலை அடக்குகிறார். நாயகி தள்ளாடுகிறாள். கிள்ளுகிறேன். இருமுகிறார். முன்வரிசை முழுக்கத் திரும்பி முறைக்கிறது. எனக்கு, வழக்கம்போல, அந்த இடத்தில் கண் கலங்குகிறது.