மாமன் நின்ற மூலை

படத்தின் மூலையை வளைப்பது மவுஸுக்கு ஒரு நொடி வேலை. வளைத்ததை வீட்டார் ஏற்றுக்கொள்ள வைப்பதுதான் தொழில். ஈஜிபுராவில் கல்யாணப் பத்திரிகை, பேனர் வடிவமைக்கும் கடை வைத்திருக்கிறேன். இதே பிழைப்பில் இருப்பவர்கள் என்னோடு சேர்ந்து பெருமூச்சு விடலாம்.

கூர்மை ஆகாது

எங்கள் தெரு செல்வி அக்கா, மகளின் காதுகுத்துக்குப் பேனர் கேட்டு ஒரு குடும்பப் படத்தைக் கொடுத்தார். நான்கு செங்கோணங்களும் செவ்வகத்தின் பிறப்புரிமை என்பது என் கட்சி. விளக்கத் தொடங்கினேன். அக்கா திரையின் மூலையை நகத்தால் தட்டினார்.

“காதைக் குத்துறது போதாதா சார், பாக்குறவங்க கண்ணை வேற குத்தணுமா? ரவுண்டு பண்ணுங்க.”

வெள்ளைச் சில்லு

பண்ணினேன். மாதிரியை அவர் கணவர் குமாருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன், அவசரத்தில் ஜேபெக் கோப்பாக. அந்த வகைக் கோப்புக்கு வெறுமை என்றால் என்னவென்றே தெரியாது. வெட்டிய இடத்தையெல்லாம் வெள்ளையால் நிரப்பிவிடும். வாடகைக் கார் ஓட்டும் குமார், சிக்னலில் நின்றபடியே கூப்பிட்டார். நான் கோப்பு வகைகளின் வரலாற்றை முடிப்பதற்குள் பச்சை விழுந்துவிட்டது.

“பல்லு புடுங்கின எடத்துல பஞ்சு வச்ச மாதிரி இருக்கு சார், எடுத்துட்டு அனுப்புங்க!”

தலை போன தாய்மாமன்

பஞ்சை எடுத்தேன். அக்கா “இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்” என்று கேட்கக் கேட்க வளைவைக் கூட்டினேன். திருப்தியாகி, குடும்பக் குழுவில் போட்டுவிட்டார். பின்வரிசையில் வலது ஓரமாக நின்ற நெட்டை மனிதரின் முடியும் பாதி நெற்றியும் வளைவோடு போயிருந்ததை யாரும் கவனிக்கவில்லை, அவரைத் தவிர. அவர் அக்காவின் அண்ணன் முருகேசன். குழந்தையின் தாய்மாமன். அவர் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்த வேண்டும். அக்கா என் கடையிலிருந்தே ஓசூரில் இருக்கும் அண்ணனுக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் பதில் வந்தது.

“தலை வேணாம், மடி மட்டும் போதும்னா, மடியை மட்டும் பஸ்ல ஏத்தி அனுப்புறேன்மா.”

என் கொள்கைகள்

மண்டபம் பேசியாகிவிட்டது, மாமன் இல்லாமல் விழா இல்லை. அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. வளைவைக் குறைக்கவா என்றேன், குத்தும் என்றார். படம் எடுத்தவரோ மாமன் தலைக்கு மேல் ஒரு விரல்கடை இடம்கூட விடவில்லை. கொள்கைகளை மடித்து வைத்துவிட்டு, மூன்று மூலைகளை வளைத்தேன். மாமன் மூலையை மட்டும் கூராகவே விட்டேன். அச்சகத்து மஞ்சுநாத், ஒரு மூலையை நான் மறந்துவிட்டதாக நினைத்து, கன்னடத்தில் பரிதாபப்பட்டார்.

“ஒந்து கார்னர் மர்த்துபிட்ரா, சார்?”

பாயசத்தின்போது

மாமன் வந்தார். தன் மூலைக்கு மட்டும் தனி மரியாதை என்று கண்டதும், மீசையைத் தடவிக்கொண்டு பேனருக்கு அடியிலேயே உட்கார்ந்தார். குழந்தை அவர் மடியில் வீறிட்டது; காது குத்தியாயிற்று. நான் பாயசத்தை வாயில் வைத்த நேரம், படத்தில் இடது ஓரமாக நிற்கும் குமாரின் தம்பி என் தோளைத் தொட்டார்.

“பொண்ணு குடுத்த வீட்டுக்கு ஃபுல் மூலை, எங்க வீட்டுக்கு மட்டும் மழுங்கலா, சார்?”

இப்போதெல்லாம் எந்தப் படம் வந்தாலும், மவுஸைத் தொடுமுன், மூலையில் நிற்பவர் யாருக்கு என்ன முறை என்று விசாரித்துவிடுகிறேன்.