யேசுதாஸ் தன் சாவை எழுதினார்

ராயபுரத்தில் யேசுதாஸைப் போலத் தாழ்மையான மனுஷன் கிடையாது. இதை யேசுதாஸே பலமுறை சொல்லியிருக்கிறார்.

ஹார்பரில் விஞ்ச் டிரைவராக இருந்து, கப்பல் வயிற்றிலிருந்து மூட்டைகளைத் தூக்கி இறக்கி, ரிட்டயர் ஆனவர். ஹார்பர் அவரை விட்ட மறுநாளே அவர் பைபிளைப் பிடித்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் தெருக் கிறிஸ்தவர்கள் ஜெபிக்க அவர் வீட்டு மாடியில் கூடும் அன்பியக் கூட்டத்துக்கு அவர்தான் தலைவர். எல்லோருக்கும் பாய், அவருக்கு மட்டும் கை வைத்த பிளாஸ்டிக் நாற்காலி. அதை வேறு யாரும் தொட்டதில்லை. மனைவி ஆலிஸ் மட்டும் தொடுவாள், துடைப்பதற்கு.

இரண்டாயிரம் பிறந்தால் உலகம் அழியும் என்று பாதித் தெரு நம்பிய வருஷம் அது. உலகத்துக்கு முன்னால் நாற்காலிக்கு ஆபத்து வந்தது. குருமடத்தில் சாமியாருக்குப் படிக்கும் அக்கா மகன் நெல்சன் லீவில் வந்திருந்தான்.

"மாமா, பைபிள்ல மொத அஞ்சு புத்தகத்த மோசே எழுதலன்னு அறிஞருங்க சொல்றாங்க. வேற வேற காலத்துல நாலு கை எழுதுனதாம். ஒருத்தர் கடவுளை ஒரு பேரால கூப்டறாரு, இன்னொருத்தர் வேற பேரால. ஒருத்தர் கதை சொல்றாரு, ஒருத்தர் பூசைச் சட்டமா அடுக்குறாரு. அப்புறமா யாரோ எல்லாத்தையும் சேத்து தெச்சிட்டாங்க. அதான் வெள்ளக் கதையே ரெண்டு விதமா கலந்து வருது."

"வெள்ளம் ரெண்டு தபா வந்தா இன்னாபா?" என்றாள் மீன் விற்கும் ஞானபாக்கியம். "எங்க தெருவுல வருஷா வருஷம் வருது."

"டேய், மோசேதான் எழுதுனாருன்னு இதே நாற்காலில குந்திகினு எத்தினி வருஷமா சொல்லிகினு கீறேன்!" என்றார் யேசுதாஸ். அவரைப் பொறுத்தவரை அதற்குமேல் ஆதாரம் தேவையில்லை.

"சரி மாமா. கடைசில மோசே செத்துப் போறாரே, பொதைக்கிறாங்களே, அத யாரு எழுதுனது? ஒலகத்துலயே ரொம்பத் தாழ்மையானவரு மோசேன்னு ஒரு வரி வருது. அத அவரே எழுதிக்குவாரா?"

பாயில் சிரிப்பு கிளம்பியது. யேசுதாஸுக்குக் காது சிவந்தது.

"ஏன் எழுதக்கூடாது? நான் எழுதறேன்டா. பொறந்ததுலேர்ந்து என்னப் பொதைக்கிற வரைக்கும். அடுத்த வெள்ளிக்கிழமை நீயே படி. ஒரு வரி, ஒரே ஒரு வரி வேற கைன்னு காட்டிட்டா, நாற்காலிய வுட்டு எறங்கிடறேன்."

அந்த வாரம் முழுக்க அவர் செத்துக்கொண்டிருந்தார். முதலில் பெரிய வெள்ளியன்று செத்தார். அன்றைக்குக் கோயிலில் சாவுப் பூசை கிடைக்காது என்று ஞாபகம் வந்ததும் எழுந்து, ஞாயிற்றுக்கிழமை மறுபடி செத்தார்.

"உசுரோட கீற மனுசன் எழுதற எழுத்தா இது?" என்றாள் ஆலிஸ்.

"குறுக்க பேசாத. இப்பதான் மூச்சு வாங்கிகினு கீது."

அவர் கையெழுத்து, கோழி கிண்டின குப்பை. ஆலிஸ்தான் ஃபேர் காப்பி எடுத்தாள். தன் எழுத்தைத் தானே சரிபார்ப்பது ஒரு மகானுக்கு அழகல்ல என்று யேசுதாஸ் அதைப் படித்துப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை மாடி கொள்ளவில்லை. நெல்சன் எழுந்து படித்தான்.

"'சகல மனுஷரிலும் யேசுதாஸ் மிகுந்த தாழ்மையுள்ளவராக இருந்தார்.' மாமா, இது வேற யாரோ—"

"அய்ய, அவரேதான்!" என்றது மாடி மொத்தமும்.

"வேற எவன் எழுதுவான் இத?" என்றாள் ஞானபாக்கியம்.

யேசுதாஸ் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். "கேட்டியாடா? தாழ்மையானவன்னு எவன் எழுதுவான்? அவனேதான் எழுதுவான். மோசேவும் அப்டித்தான்."

இந்த வாதத்துக்குக் குருமடத்தில் பதில் சொல்லித்தரவில்லை. நெல்சன் மேலே படித்தான்.

"'ஒரு நாள் விஞ்சின் இரும்புக் கயிறு அறுந்து சுமை சரிந்தபோது, கொஞ்சமும் அஞ்சாமல் லீவரைப் பிடித்து நின்று, கீழே இருந்தவர்களைக் காத்தார்.'"

"அவரேதான்," என்றது மாடி.

"'கயிறு அறுந்த அன்றைக்கு வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் அடுப்படியில் உட்கார்ந்து அழுதார். மறுநாள் வேலைக்குப் போக அவருக்குப் பயம். பயந்துகொண்டேதான் போனார்.'"

மாடி மொத்தமும் யேசுதாஸைத் திரும்பிப் பார்த்தது. நெல்சன் நிமிர்ந்தான்.

"ஒரே கயிறு, ரெண்டு கதை. ஒண்ணுல அஞ்சல, ஒண்ணுல அழுறாரு. மாமா, இது வேற கை."

"ரெண்டும் நான்தான்னு சொல்லிடு அண்ணே," என்று ஞானபாக்கியம் கிசுகிசுத்தாள். "நாற்காலி நிக்கும்."

சொல்லலாம். யார் மறுக்கப் போகிறார்கள்? யேசுதாஸ் ஆலிஸைப் பார்த்தார். அவள் மாடிப்படி ஓரம் குந்தி, உலகத்தில் பக்கோடாவைத் தவிர எதுவுமே இல்லாததுபோல் தட்டுகளில் பங்கு வைத்துக்கொண்டிருந்தாள். அந்த அழுகையை அவர் யாருக்கும் சொன்னதில்லை. அன்றைக்கு அடுப்படியில் இருந்தது அவள் ஒருத்திதான். இத்தனை வருஷம் வாயே திறக்காதவள், அவர் கதையில் இதுவும் இருக்கட்டும் என்று எழுதிவைத்திருக்கிறாள்.

"இது நான் எழுதல," என்றார்.

எழுந்து நாற்காலியை ஆலிஸ் பக்கம் தள்ளினார். "குந்து."

"எனக்கு இன்னாத்துக்கு? எடுத்துகினு போ அப்பால, வழில நிக்காத. டீ ஆறுது." பக்கோடாத் தட்டைத் தூக்கி நாற்காலிமேல் வைத்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமையும் தட்டு அங்கேதான் இருந்தது. யேசுதாஸ் பாயில், ஞானபாக்கியத்தின் கூடைக்குப் பக்கத்தில். நெல்சன் கொஞ்சம் பயந்து பயந்துதான் கேட்டான்:

"அப்ப, அஞ்சு புத்தகமும் யாரு எழுதுனது மாமா?"

யேசுதாஸ் ஒரு பக்கோடாவை வாயில் போட்டு, மென்று, விழுங்கிவிட்டுச் சொன்னார்:

"மோசேதான்டா எழுதுனாரு. மோசே பொண்டாட்டி ஃபேர் காப்பி எடுத்துது."