எட்டுப் பூச்சு நீலம்

தூசி அடங்க முற்றம் முழுக்க வாளித் தண்ணீரை வீசித் தெளித்துவிட்டு, ஹுஸ்னியா முருங்கை மரத்தை அண்ணாந்து பார்த்தார். இலை ஆடிக்கொண்டிருந்தது. வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தார். சாய்ந்தமருதில் காலைக் காற்று வயல் பக்கமிருந்து தூசியோடு வரும். பத்து மணிக்குப் பிறகு கடல் பக்கமிருந்து உப்போடு வரும். நடுவில் ஒரு முக்கால் மணித்தியாலம் இரண்டுமில்லாமல் அடங்கிக் கிடக்கும். வீட்டு முற்றத்தில் வைத்துக் காருக்குப் பெயின்ற் அடிக்கத் துணிந்தவருக்கு அந்த முக்கால் மணித்தியாலம்தான் கிடைக்கும்.

இலை அசையாமல் நின்றது. “பிஸ்மில்லாஹ்” என்று எழுந்தவர், நாலு விரல் அகலமான பஞ்சு றோலரைத் தட்டில் தோய்த்தார்.

ஹுஸ்னியாவுக்கு வயது நாற்பத்தாறு. பெண்களுக்குக் கார் ஓட்டப் பழக்குவது தொழில். பழக்குவதற்கான அனுமதிப்பத்திரத்தை முறைப்படி எடுத்து வைத்திருக்கிறார். பள்ளிக்கூடம் என்று சொல்ல அவரிடம் இருப்பதெல்லாம் முன்னும் பின்னும் எல் பலகை கட்டிய ஒரேயொரு பழைய மாருதிதான். “கிறுகு, கிறுகு, இன்னும் கொஞ்சம் கிறுகுகா” என்று ஸ்டியரிங்கைத் திருப்பச் சொல்லும் அவருடைய குரலைக் கடற்கரை வீதியில் கேட்காத ஆளில்லை. அந்தக் குரல் ஒருநாளும் உயராது. பழகுகிறவள் யாருடையவோ மதிலைப் பார்த்துப் போனாலும், உப்பைக் கொஞ்சம் எடுத்துத் தா என்பது போலத்தான் “பிரேக்” என்பார். கல்முனை பஸ் டிப்போவில் வேலை பார்க்கும் கணவர் நிஸாமுக்கு அந்த நிதானம் இல்லை. மனைவி காரை எடுத்தால் அவர் பக்கத்து ஆசனத்தில் இருந்து ஸலவாத்து ஓதிக்கொண்டே வருவார்.

இத்தனை வருடமாகப் பழகிய பெண்கள் எல்லோரும் காரில் ஆளுக்கொரு நெளிவோ கீறலோ விட்டுப் போயிருக்கிறார்கள். அந்தக் கணக்கெல்லாம் ஹுஸ்னியாவுக்கு மனப்பாடம். பெயின்ற்றுக்கு முன்பே, பழைய போன் ரீலோட் அட்டையால் நெளிவுகளில் பட்டிக் களிம்பை இழுத்து நிரப்பி, காய்ந்ததும் தண்ணீரும் சவர்க்காரமும் தொட்டு வோட்டர் பேப்பர் என்ற உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டே, பள்ளங்களைப் பேர் சொல்லி விசாரித்தார். முன் மட்கார்ட்டில் இருந்ததைத் தடவியபோது சிரிப்பு வந்துவிட்டது. “இது சுபைறா டீச்சர். சம்மாந்துறை றோட்டில சும்மா நிண்ட உழவு மெசினக் கொஞ்சினவ. இப்ப அவட வேன்ல பதினொரு புள்ளையள ஏத்தி இறக்கிறா” என்றார். சொல்லும்போது முகத்தில் அப்படி ஒரு பெருமை.

இடப்பக்கக் கதவுகள் இரண்டையும் சேர்த்து ஓடிய நீளக் கீறலுக்கு வந்தபோது மட்டும் சிரிப்பு அடங்கிவிட்டது. அது றினோஸாவுடையது.

றினோஸா மருதமுனைப் பிள்ளை. கணவர் இன்ஷாப் கைத்தறிச் சாரன்களையும் சேலைகளையும் வேனில் ஏற்றி அக்கரைப்பற்றுக் கடைகளுக்குக் கொண்டுபோய்ப் போடுகிறவர். போன வருடம் அவருக்குக் கண் பார்வை மங்கிவிட்டது. வேன் வீட்டு வாசலில் நிற்கிறது. கூலிக்கு ஆள் பிடித்து ஓட்டினால் வியாபாரத்தில் மிச்சம் எதுவும் இருக்காது. அதனால் றினோஸா ஓட்டப் பழக வந்தாள். மூன்றாம் வாரம், ஹுஸ்னியா வீட்டு வாசலிலேயே காரைப் பின்னுக்கு எடுக்கும்போது கேற்றுத் தூணில் உரசி, பதறிப்போய் இன்னும் மிதித்துவிட்டாள். தன் பக்கத்துப் பிரேக்கை ஹுஸ்னியா அமத்துவதற்குள் தூண் தன் வேலையைக் காட்டிவிட்டது. றினோஸா இறங்கி நின்று கீறலைப் பார்த்துக் குலுங்கி அழுதாள். அதோடு சரி. மறுநாள் தலையிடி, அடுத்த நாள் காய்ச்சல் என்று வாட்ஸ்அப்பில் குரல் மட்டும் வந்தது. ஓட்டப் பரீட்சைக்கு ஒரு மாதம் இருந்தது.

ஹுஸ்னியா யோசித்தார். “அந்தப் புள்ளைக்கு என்னோட பயமில்ல. கீறலோடதான் பயம். கீறல் போனா வரும்” என்று நிஸாமிடம் சொன்னார். கராஜில் விசாரித்ததில், அவர்கள் கேட்ட தொகைக்கு இன்னொரு பழைய மாருதியே வாங்கலாம் போலிருந்தது. ஆகவே கடற்கரையடியில் தோணிக்காரர் பெயின்ற் வாங்கும் கடைக்குப் போய் நின்றார். காரின் பதிவுப் புத்தகத்தில் நிறம் நீலம் என்று இருக்கிறது. தோணிகளுக்குப் பூசுவதும் நீலம். வேறென்ன வேண்டும்? “தோணிக்குப் பூசுறதக் காருக்குப் பூசப்போறயா?” என்று நிஸாம் தலையில் கைவைத்தார். கடல்லயே உரியாதது றோட்டில உரியுமா என்று ஹுஸ்னியா திருப்பிக் கேட்டார்.

பெயின்ற்றைத் தடிப்பாக இழுத்தால் றோலரின் தடம் விழும். அதனால் தின்னர் விட்டு விட்டு, “தண்ணிப் பாலாணம் மாதிரி ஓடோணும்” என்று, நீர்த்த தேங்காய்ப்பால் கறியின் பக்குவத்துக்குக் கொண்டுவந்து, பழைய ஷோல் துணியில் வடித்தெடுத்தார். முதல் பூச்சைப் பார்த்தால் பெத்த தாய்க்கும் அழுகை வரும். அங்கங்கே பட்டியின் வெள்ளை தெரிய, நோய்பிடித்த தோல் போலக் கார் நின்றது. நிஸாம் சைக்கிளை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். ஹுஸ்னியாவோ, சோறு வேக நேரம் எடுக்கும் என்று தெரிந்தவர் முகத்தோடு, தட்டைக் கழுவி வைத்தார். மறுநாள் இலை நின்றதும் இரண்டாம் பூச்சு. அது காய்ந்ததும் வோட்டர் பேப்பர். பிறகு மூன்றாவது, நான்காவது. ஈரப் பூச்சில் பூச்சி விழுந்தால் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஊசிமுனையால் கிள்ளி எடுப்பார். பிடரி பிடித்துக்கொண்டது, நகக்கண்ணெல்லாம் நீலம். தொழுகைக்கு ஒளுவெடுக்கும் முன் மண்ணெண்ணெய் தொட்டு அதைத் தேய்த்துப் போக்குவதற்கே கால் மணித்தியாலம் தேவைப்பட்டது. ஐந்தாம் பூச்சில் நிஸாம் தானாக வந்து வாளியைத் தூக்கினார். ஏழாம் பூச்சில், தான் சொல்லித்தான் இதெல்லாம் நடப்பது போல அடுத்த வீட்டாருக்கு விளக்கம் கொடுத்துக்கொண்டிருந்தார்.

எட்டாவது பூச்சுக்குப் பிறகு நாலு நாள் ஒருவரையும் தொட விடவில்லை. பிறகு மெழுகு போட்டுத் துடைத்தார். மாஷா அல்லாஹ், கார் அப்படி இருந்தது! முருங்கை மரம் கிளை கிளையாகப் பொனற்றில் தெரிந்தது. வீதியால் போனவர்கள் கேற்றடியில் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். ஒரு கராஜ்காரர்கூட வந்து, கதவோரமாகக் குனிந்து பார்த்து, எந்த கராஜில் செய்தது என்று கேட்டார். ஹுஸ்னியா நகத்தைக் காட்டினார்.

அன்று பின்னேரமே றினோஸாவுக்குக் குரல் அனுப்பினார். உன் கீறல் எங்கே இருந்ததென்று எனக்கே தெரியவில்லை, வந்து பார் என்று. பரீட்சைக்கு இன்னும் பன்னிரண்டு நாள்தான்.

சனிக்கிழமை காலை றினோஸா வந்தாள். கேற்றைத் தாண்டி நாலு எட்டு வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். இடப்பக்கமாகச் சுற்றிப் போய்க் கதவுகளைப் பார்த்தாள். பின்வாங்கித் தள்ளி நின்று, கைகளை அபாயாவுக்குள் இழுத்துக்கொண்டாள்.

“ராத்தா, எனக்கு ஏலா. பழசுக்கே அப்பிடிச் செஞ்சன். இதில நான் எப்பிடி ஏறுற? வேற ஒரு வழி பாக்கிறம் எண்டு அவருக்கிட்டச் சொல்லிட்டுத்தான் வந்த.”

சொல்லிவிட்டுக் கேற்றைப் பார்த்துத் திரும்பினாள்.

ஹுஸ்னியாவுக்கு அப்போதுதான் உறைத்தது. பதினெட்டு நாளாக, பிடரி நோக நோக, இந்தப் பிள்ளையின் பயத்துக்குத்தான் அவர் மெழுகு போட்டுப் பளபளக்க வைத்திருக்கிறார். காரைப் பார்த்தார். பார்த்த பார்வையில் ஆசை இருந்தது, அதை மறைக்கவும் இல்லை. பிறகு, “நில்லு புள்ள” என்றார். பிரேக் என்று சொல்லும் அதே குரல்.

கார்ச் சாவியை எடுத்தார். சாரதி பக்கக் கதவின் கைபிடிக்குக் கீழே வைத்து, எட்டுப் பூச்சும் கிழிந்து பட்டி தெரிய, ஒரு சாண் நீளத்துக்கு அழுத்தி இழுத்தார். “யா அல்லாஹ்” என்று நிஸாம் வாசற்படியில் உட்கார்ந்தேவிட்டார்.

“முதல் கீறல் நான் போட்டாச்சு. இனி நீ ஏறு.”

சாவி முனையில் ஒட்டியிருந்த நீலத் தூளை ஊதிவிட்டு, அபாயாவுக்குள் இருந்த றினோஸாவின் கையை வெளியே எடுத்து, அதில் சாவியை வைத்து மூடினார்.