செம்பனைக்குள் நின்ற புள்ளி

இயந்திரமில்லாத கிளைடர் விமானம் திடலுக்குத் திரும்ப முடியாமல் வெளியிடத்தில் இறங்கினால், விமானி முதலில் செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்ப வேண்டும் என்பது விதி. மலேசியாவின் குளுவாங் விமானத் திடலில், மாலதியின் கைப்பேசியில் கிளைடரில் போன அவள் கணவனைக் காட்டும் புள்ளி, எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்துக்குள் அசையாமல் நிற்கிறது. "எங்க இருக்கீங்க?" என்று மறுபடியும் அனுப்புகிறாள்.

"விதிப்படி இன்னும் கொஞ்சம் பொறுக்கலாம்மா," என்கிறேன், திடலின் விதிகளைக் கவனிக்கும் நான்.

"அங்கிள், ரூல் பேசாதீங்கலா. ஆளு உயிரோட இருக்காரா, அத சொல்லுங்க."

நான் அந்தப் புள்ளியைப் பெரிதாக்கிப் பார்க்கிறேன்.

கைப்பேசி ஒலிக்கிறது; செயற்கைக்கோள் வழியே கணவனின் செய்தி. "நல்லாத்தான் இருக்கேன், தோட்டத்து வெட்டவெளியில இறங்கிட்டேன். வெயிலுன்னு செம்பனைக்கு அடியில நின்னேன், ஓலை மறைச்சு மெசேஜ் போகல. சாப்பாடு எடுத்துட்டு வா."

மாலதி அழுதுகொண்டே அவனைத் திட்டுகிறாள். நான் அண்ணாந்து பார்க்கிறேன். கைப்பேசிக் கோபுரமே இல்லாத தோட்டத்திலிருந்து, அந்தச் சாப்பாட்டு விண்ணப்பம் விண்வெளி வரை போய் இங்கே வந்து இறங்கியிருக்கிறது. அரசு உத்தியோகத்தில் முப்பது ஆண்டுகள் இருந்தவன் நான். ஒரு கேள்விக்கு, கேட்ட தேதியிலேயே பதில் வந்து பார்ப்பது இன்றுதான்.