மணிக்கோபுரத்தை வெட்டிய ஜாக்கி

நெய்யாற்றின்கரை அச்சகம் ஒன்றில் பதினோரு வருடம் ஊரார் அட்டையை மடித்து ஒட்டியவள் லிஜி. போன வருடம் உதியன்குளங்கரையில் ஓர் அறை பிடித்து, சொந்தமாக ஒரு பிரிண்டரைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம்; பிடிவாதம் அதைவிட நீளம்.

சபைச் செயலாளர் ஈசாக், ஆலய நூற்றாண்டு விழாவுக்கு ஆலய வடிவிலேயே அழைப்பிதழ் கேட்டு வந்தார். இருநூறுதான். ஆயிரத்துக்குக் குறைந்தால் வடிவம் வெட்ட மாட்டோம் என்று நகரத்து அச்சகங்கள் கைவிரித்திருந்தன.

"நான் வெட்டித் தாறேன் அண்ணா" என்றாள் லிஜி. வெட்ட அவளிடம் கருவி இருந்ததா? எங்கே இருந்தது! ஈசாக் கெடு வைத்த சனிக்கிழமைக்குள் முடியாவிட்டால் வெறும் சதுர அட்டைதான். இனிமேல் சபை வேலை எதுவும் அவள் பக்கம் எட்டிப் பார்க்காது.

ஒட்டுப்பலகையில் ஆலயத்தை வரைந்து, கோட்டோடு அறுத்து, அந்தப் பிளவுகளில் எஃகு பிளேடுத் துண்டுகளை இறுக்கினாள். அட்டை பிளேடில் சிக்காமல் எழும்பிவர, பழைய ரப்பர் செருப்பை நறுக்கிச் சுற்றிலும் ஒட்டினாள். அழுத்துவதற்கு ஒரு லாரி ஜாக்கி, அதற்கொரு இரும்புச் சட்டம். வெள்ளைத்தாளை வைத்து அழுத்தினால் ஆலயம் அச்சாக விழுந்தது. அவள் துள்ளிக் குதிக்காத குறைதான்.

வெள்ளிக்கிழமையன்று, அச்சடித்த அட்டையை வைத்தாள். மணிக்கோபுரம் பாதியோடு போயிற்று. படத்தில் கோபுரம் இடப்பக்கம். பிளேடு கோபுரத்துக்கு இடம் விட்டதோ வலப்பக்கம். பலகையில் நேராக வரைந்தவள், கவிழ்த்து அழுத்தும்போது இடம் வலமாகும் என்பதை மறந்துவிட்டாள். வெள்ளைத்தாளுக்கு முன் ஏது, பின் ஏது? பாவம், அழுதே விட்டாள்.

அப்போது பார்த்து ஈசாக் வந்து நின்றார். "அட்டையைக் கவுத்து வச்சு வெட்டு மக்கா, சரியா வருமே."

வந்தது. ஆனால் அச்சுப் பக்கத்து ஓரமெல்லாம் பிசிறு.

"இது போதும். யாரு தடவிப் பாக்கப் போறா?"

"நான் பாப்பேன் அண்ணா. எனக்க கையிலேருந்து இப்படிப் போவாது."

நல்லவேளை, பிளேடுகள் எல்லாம் வளைக்காத நேர்த்துண்டுகள். ஒவ்வொன்றாகக் குறட்டால் பிடுங்கி, பலகையைத் திருப்பிப் போட்டு, மறுபக்கத்திலிருந்து அடித்து இறக்கினாள்; இப்போது கோபுரம் சரியான பக்கம் வந்தது. இரண்டு விரல் கிழிந்தது. துணியைச் சுற்றிக்கொண்டு செருப்புத் துண்டுகளை மறுபடி ஒட்டினாள்.

சனிக்கிழமை காலையில் ஈசாக் வரும்போது பிசிறில்லாமல் நூற்றைம்பது அட்டை அடுக்கியிருந்தது. ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"கிறிஸ்துமஸ் கார்டும் உண்டு மக்கா. அதையும் நீயே செய்யி."

"செய்யலாம் அண்ணா. இப்பம் இத்திரி தள்ளி இரிங்க, இன்னும் அம்பது கிடக்கு."