அல்சூரில் பிடுங்கப்பட்ட போன்

மாலை ஏழரை மணி. வழி பார்ப்பதற்காகப் போனைக் கையில் வைத்துக்கொண்டு அல்சூர் ஏரியோரம் தனியாக நடக்கிறேன். பின்னால் ஸ்கூட்டரில் வந்த இருவரில் ஒருவன் அதைப் பிடுங்கிக்கொண்டு பறக்கிறான். நான் கத்துகிறேன். உடனே ஏழெட்டு ஆண்கள் கூடிவிடுகிறார்கள். வண்டி எண்ணை யாருமே பார்க்கவில்லை. அறிவுரை மட்டும் எல்லோரிடமும் இருக்கிறது.

"இந்த டைம்ல லேடீஸ் எதுக்கு மேடம் தனியா நடக்கிறீங்க?" என்கிறார் கழுத்தில் அலுவலக அட்டை தொங்கும் ஒருவர். அவரும் தனியாகத்தான் நடந்து வந்தார். ஆனால் அவர் நடந்தால் அது உடற்பயிற்சி. பேசிக்கொண்டே என்னைத் தன் போனில் படம் பிடிக்கிறார்.

நடைபாதையில் பூ விற்கும் அம்மாள் எழுந்து வருகிறார். "அந்தப் போனைக் குடுப்பா. மொதல்ல சிம்மை நிறுத்தணும்."

"சார்ஜ் இல்லம்மா."

"படம் புடிக்க இருக்குது, பேச இல்லியா? தூ!"

அம்மாள் தன் பழைய பட்டன் போனை என்னிடம் நீட்டுகிறார். சென்னையில் இருக்கும் அக்காவை அழைக்கிறேன். சிம்மையும் வங்கிக் கணக்கையும் உடனே முடக்கச் சொல்கிறேன். குரல் இப்போதுதான் உடைகிறது.

"அழுவாத," என்று அம்மாள் தன் போனைத் திரும்ப வாங்கிக்கொள்கிறார். "இனிமே போனைப் பையில வெச்சிட்டு, ரோட்டை விட்டு உள்பக்கமா நட. நடக்கிறத மட்டும் விட்றாத. வா, போலீஸ் ஸ்டேஷனுக்கு நானும் வர்றேன்."

கிளம்பும்போது அட்டைக்காரரைப் பார்த்து, "சும்மாதானே நிக்கிற, கடையைப் பாத்துக்க" என்கிறார். அவர் மறுக்கத் தெரியாமல் பூக்கூடை முன்னால் உட்காருகிறார்.

"மல்லி மொழம் எவ்ளோ?" என்று யாரோ கேட்கிறார்கள். அவர் அந்தச் சார்ஜ் இல்லாத போனை எடுத்து விலையைத் தேடுகிறார்.