எருமை ராஜாவும் என் மச்சானும்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் ஒரு கழுதை கத்தியது. கொஞ்ச நேரத்தில் என் மனைவி மீனா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஏன்? சொல்கிறேன், பிள்ளைகளே.

தஞ்சாவூர் பொருட்காட்சியில் என் மகள் கயல் ஒரு சீட்டுக்கட்டு வாங்கினாள். அசல் சீட்டுதான்... படம்தான் வேறு. ராஜா — கூலிங்கிளாஸ் போட்ட எருமை. ராணி — அலகில் மூக்குத்தி குத்திய கொக்கு. ஜோக்கர் — குடை பிடித்த தவளை. மழைக்குப் பயந்த தவளையை நீங்கள் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா?

அதை அவள் பரப்பி வைத்திருந்த நேரம் பார்த்து, பூதலூரிலிருந்து மீனாவின் அண்ணன் உளுந்துப் பையோடு வந்து நின்றார். எனக்குத் திக்கென்றது.

மச்சான் ஒரு காலத்தில் சீட்டில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டார். வாய்க்காலில் அவர் முறைக்கு வந்த தண்ணீர் அடுத்தவர் வயலுக்குப் போய்விடும். இவர் பயிர் காயும். அவர் மனைவி கோபித்துக்கொண்டு தாய் வீட்டுக்கே போய்விட்டார். அப்புறம்தான் மச்சான் சீட்டை விட்டார். இரண்டு வருடமாகத் தொடவில்லை.

"மாமா, கழுதை ஆட்டத்துக்கு வாங்க!" என்றாள் கயல்.

"சும்மா இருடி. மாமா களைச்சு வந்திருக்காங்க" என்றாள் மீனா, அவசரமாக.

அதற்குள் கட்டு மச்சான் கையில். சர்ர்ர்... என்ன வேகமாகக் கலைக்கிறார்! விரல்கள் எதையும் மறக்கவில்லை. அடுப்பில் மீனாவின் தோசை கருகியது.

கழுதை ஆட்டம் தெரியும்தானே? கடைசியில் யார் கையில் சீட்டு மிஞ்சுகிறதோ, அவர்தான் கழுதை. மச்சான் கையில் எருமைகளாக மிஞ்சின.

"மாமாதான் கழுதை! கத்துங்க, கத்துங்க!"

கத்தினார். தெரு நாய் பதில் சொன்னது.

பிறகு... கையிலிருந்த சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். தோற்றவர் அடுத்து என்ன கேட்பார்? 'இன்னும் ஒரே ஒரு ஆட்டம்.' அந்த ஒன்றுதான் அந்தக் காலத்தில் அவரை விடிய விடிய உட்காரவைத்தது. மீனா கரண்டியோடு சமையலறை வாசலில் நின்றாள்.

"இன்னொரு ஆட்டம், மாமா?" — கேட்டது கயல்!

மச்சான் சீட்டுகளை அடுக்கி அவள் கையில் வைத்தார். "போதும்டா தங்கம். எடுத்து வை."

தங்கையைப் பார்த்தார். "என்னம்மா முறைக்கிறே? கழுதைக்குத் தோசை கிடையாதா?"

"கருகினதுதான் இருக்கு. கழுதைக்கு அது போதும், உக்காருங்கண்ணே" என்றாள் மீனா. அப்போதுதான் கண்ணைத் துடைத்தாள். எனக்கும் மூச்சு வந்தது.

முடிந்ததும் எழுந்து போக முடிகிறவரைதான் அது விளையாட்டு, பிள்ளைகளே.

மச்சான் சீட்டை விட்டு எழுந்துவிட்டார்... தோசையை விட்டு எழத்தான் நேரமாயிற்று!